பதிவு மேசையைக் கைவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இதற்காக மருத்துவர்களையும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் பாராட்டுகிறோம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. இந்த மாநிலத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையும் அரசின் ஏட்டுக்குள் நுழைவது மருத்துவமனையின் பதிவு மேசை வழியாகத்தான். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், என்ன சம்பளம் வாங்குகிறார், அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.

இப்போது கேட்டே ஆக வேண்டும். திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை என எதற்குப் போனாலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பாஸ்போர்ட்டுக்கும் அப்படியே. முன்பு சான்றிதழில் கோளாறு என்றால் பள்ளியின் டி.சி. கைகொடுத்தது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைகொடுத்தது. இந்தத் தலைமுறைக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. எழுதியது எழுதியதுதான்.

எப்படி எழுதப்படுகிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பிள்ளை பெற்றவர் வார்டில் படுத்திருக்கிறார். கணவருக்கு வெளியூரில் வேலை. ஜன்னலுக்கு முன்னால் நிற்பது பாட்டி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஆதார் நகல், ஸ்கேன் ரிப்போர்ட், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய அட்டை. “மருமக பேரு என்னம்மா?” “கவிதாங்க.” கடைசி எழுத்துக்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘டி’ மட்டும் போட்டால் ஒரு கவிதா, ‘எச்’ சேர்த்தால் வேறொரு கவிதா. ஆதாரில் இருப்பது எது? நகல் மங்கலாக இருக்கிறது. இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா? முகவரி தாய்வீடா, புகுந்த வீடா? பாட்டிக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் சத்தம் கூடுகிறது. இருபத்தொரு நாளுக்குள் எல்லாம் பதிவாக வேண்டும் என்கிறது சட்டம். தட்டச்சு செய்பவர் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். அவரைக் குறைசொல்லி என்ன பயன்? பக்கத்து இருக்கை காலி. அந்த வேலையையும் அவரே பார்க்கிறார்.

அந்தப் பிழையைத் திருத்த, நாட்கூலியை விட்டுவிட்டுப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். பழைய பதிவை அழிக்க முடியாது. அது அப்படியே இருக்க, ஓரத்தில் திருத்தக் குறிப்புதான் எழுதுவார்கள். அதற்கும் ஆவணம் கேட்பார்கள்.

இது ஒரு மேசையின் கதை மட்டுமல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஆனால் புதிதாக வந்த மருமகளின் பெயர் குடும்ப அட்டையில் ஏறாமலிருக்கும். முன் அனுமதிக்கு அனுப்பிய கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வரும். அதை அன்றைக்கே பார்த்துப் பதில் போட ஓர் ஆள் இருந்தால் அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடக்கும். இல்லாவிட்டால் நோயாளி கட்டிலிலேயே காத்துக் கிடப்பார், மருத்துவமனைக்கு வர வேண்டிய பணமும் தங்கிப்போகும். விபத்தில் அடிபட்டவரின் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலில், நேரம் தவறினால் இழப்பீட்டு வழக்கே ஆட்டம் காணும். இறந்தவரின் பெயர் தவறினால் வாரிசுச் சான்றிதழும் குடும்ப ஓய்வூதியமும் நிற்கும். உள்நோயாளியின் பதிவேட்டை 3 ஆண்டுகள் காக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே இந்திய மருத்துவ கவுன்சில் விதி வகுத்தது. ரெக்கார்டு ரூமில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கேஸ் ஷீட்டுகளுக்கு நடுவே உரியதை எடுத்துக் கொடுக்க, இடம் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

அந்த ஒருவரைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். தேர்வாணையம் வழியாக வரும் இளநிலை உதவியாளர் பணியிடம் காலியானால், அது அப்படியே கிடக்கிறது, அல்லது தொகுப்பூதியத்தில், தனியார் ஏஜென்சி மூலம் ஒருவர் வந்து அமர்கிறார். அவர் வேலை கற்றுத் தேறும்போது ஒப்பந்தம் முடிகிறது. அல்லது இதைவிட இரண்டாயிரம் கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். போக வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? எச்.ஐ.வி. முடிவும், கருக்கலைப்பும், தற்கொலை முயற்சியும் அவர் கண்முன்னே கோப்பாகக் கடந்து போகின்றன. அந்த ரகசியங்களைக் காக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு உறுதி தர மறுப்பது அநியாயம்.

எல்லாம் கணினிமயமாகிறதே, ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் டெல்லி எய்ம்ஸை நினைத்துப் பார்க்கட்டும். 2022 நவம்பர் 23 அன்று இணையத் தாக்குதலில் அதன் சர்வர்கள் முடங்கின. ஓ.பி. சீட்டு முதல் டிஸ்சார்ஜ் வரை, நாட்டின் முதன்மையான மருத்துவமனையே நாள்கணக்கில் கையெழுத்தால்தான் ஓடியது. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு வேலை தெரிந்திருந்தால்தான் திரை அணைந்தாலும் வேலை நடக்கும்.

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. பிறப்பு விவரத்தை அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் அச்செடுத்து, வார்டுக்குக் கொண்டுபோய், தாயிடம் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்குங்கள். பதிவு, காப்பீடு, ஆவணப் பிரிவுகளில் இரவு நேரத்திலும் குறைந்தது இருவரை வைத்திருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் அதே மேசையில் உழைத்த தற்காலிகப் பணியாளரை நிரந்தரமாக்க வழி காணுங்கள்.

சுகாதாரத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, புதிய கட்டடங்கள், புதிய கருவிகள் பற்றிய அறிவிப்புகளோடு, ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் காலியாகக் கிடக்கும் அமைச்சுப் பணியிடங்களின் பட்டியலையும், அவை எந்த மாதத்துக்குள் நிரப்பப்படும் என்பதையும் அமைச்சர் அவையில் வைக்க வேண்டும்.