திறமை லாயத்தில், சூது சாளரத்தில்

"குதிரைப் பந்தயம் சூதன்று, அது திறமை ஆட்டம்" என்று படித்த இளைஞர்கள் வாதிடக் கேட்கிறோம். ஜும்ஆத் தொழுகைக்குத் தவறாமல் வருபவர்களும் இவ்வாதத்தை எடுத்தோதுவதே நம்மை எழுதத் தூண்டியது. அவர்கள் கையில் ஓர் ஆதாரமும் உண்டு. குதிரைப் பந்தயத்தை ஒழிப்பதற்குத் தமிழகத்தில் 1974இல் சட்டம் இயற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கில், பந்தயத்தின் வெற்றி பெரிதும் திறமையையே சார்ந்தது எனக் கூறி, 1996இல் உச்ச நீதிமன்றம் பந்தயக் கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் நாட்டுச் சட்டம் தண்டிக்காதவை யாவும் மார்க்கத்தில் ஹலாலாகி விடுமா? அது நிற்க. அந்தத் திறமை யாருடையது என்பதே நம் கேள்வி.

திறமை விளையும் இடத்தைச் சென்று காண்போம். இந்தியப் பந்தய முறை ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. அவர்களுடைய பந்தயத் தலைநகரம் இங்கிலாந்திலுள்ள நியூமார்க்கெட். அவ்வூரின் ஒரு பயிற்சி லாயத்தில் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது?

வைகறையில், தலைமைப் பணியாளர் ஒவ்வொரு தீனித்தொட்டியாகப் பார்த்து வருகிறார். ஒரு குதிரை இரவுத் தீனியில் ஒரு பிடி ஓட்ஸை மிச்சம் வைத்திருந்தால், அதற்கு ஏதோ குறை என்று அறிகிறார். பின்னர் கால்களைத் தடவிச் சூடு காண்கிறார். ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள உடலைத் தாங்கும் அக்கால்களில், முழங்காலுக்குக் கீழே தசையே இல்லை. எலும்பும் நரம்புநாருமே உண்டு. விரலுக்குத் தட்டுப்படும் சிறு வெப்பம் பல மாத உழைப்பை வீணாக்கிவிடும்.

திங்களன்று மெல்லோட்டம். குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து வாரன் குன்றின் ஏற்றத்தில் ஓடித் திரும்புகின்றன. வாரத்தில் இரு காலைகள் மட்டும் கடும் ஓட்டம். மற்ற நாட்களில் நடையும் மெல்லோட்டமுமே. இடையில் லாடக்காரர் வருகிறார். கால்நடை மருத்துவர் வந்து மூச்சையும் இரத்தத்தையும் சோதிக்கிறார். மாலைதோறும் பயிற்சியாளர் லாயம் முழுவதும் சுற்றிவந்து கால்களை மீண்டும் தொட்டுப் பார்க்கிறார். பந்தய நாளில் குதிரைக்காரர் குதிரையுடன் வண்டியில் சென்று, ஓட்டம் முடிந்தபின் அதனை நீராட்டி, நடக்கவிட்டு, இரவில் திரும்புகிறார். ஞாயிறன்று பெரும்பாலான குதிரைகளுக்கு ஓய்வு. ஆனால் தீனி வைப்பவருக்கு ஓய்வில்லை. இவ்வளவும் எதற்காக? ஒரு மைல் தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடிக்கும் ஓர் ஓட்டத்திற்காக!

இவ்வேழு நாட்களில் பணயம் கட்டுபவரை எங்கேனும் கண்டோமா? தொட்டியருகில் இல்லை, குன்றின் பனியில் இல்லை, லாடக்காரரின் பக்கத்திலும் இல்லை. எட்டடி தொலைவிலிருந்து ஒரு சாளரத்தில் பணத்தை நீட்டும்போதுதான் அவர் முதன்முதலாகத் தோன்றுகிறார். பிறர் வியர்வையில் விளைந்த திறமையைத் தம் திறமையென்று கூறிக்கொள்ள அவருக்கு என்ன உரிமை?

"குதிரையின் பழைய ஓட்டங்களையும் சுமக்கும் எடையையும் ஆராய்ந்தே பணம் கட்டுகிறோம்" என்பார்கள். ஆராய்ச்சி உண்மையாகவே இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் அக்கால்களைத் தொட்டுப் பார்க்கும் பயிற்சியாளரே தம் குதிரை வெல்லுமென்று அறுதியிட்டுக் கூறுவதில்லை. தொட்டியில் மிஞ்சிய ஒரு பிடித் தீனியைக் காணாதவர் எதனை அறிந்தார்? மேலும், பந்தயத் திடலின் மொத்தப் பணத்திலிருந்து கழகத்தின் பங்கும் வரியும் முதலில் கழிக்கப்பட்டு, எஞ்சியதே வென்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. ஆகவே, எல்லாரும் மேதைகளாகவே இருந்தாலும், கட்டிய அனைவரும் சேர்ந்து கட்டியதைவிடக் குறைவாகத்தான் பெறுவார்கள். ஒருவர் பெறுவது மற்றொருவர் இழந்ததே. எந்த உழைப்பும் இன்றிப் பிறர் இழப்பைத் தன் ஈட்டமாக்கிக் கொள்வதற்குத்தான் திருமறை மைஸிர் என்று பெயரிட்டு, அதனை மதுவோடு சேர்த்து விலக்கியது.

இதனால் இஸ்லாம் குதிரைக்கும் ஓட்டத்திற்கும் பகையென்று எவரும் எண்ணற்க. விரைந்தோடும் புரவிகளின் மீது ஆணையிட்டே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டப் போட்டி நடத்தியதையும், அதில் இப்னு உமர் (ரலி) கலந்துகொண்டதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதாஃ வரை நெடுந்தொலைவு. பயிற்சி பெறாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவு. எத்துணை நீதி! அப்பயிற்சிக்கு அரபியில் தள்மீர் என்று பெயர். கொழுக்கத் தீனியிட்டு, பின் அளவைக் குறைத்து, போர்வையிட்டு வியர்க்கச் செய்து உடலை இறுக்குவது அது. அதிலிருந்து பிறந்த மிள்மார் எனும் ஒரே சொல் பயிற்சிக் களத்தையும் குறிக்கும். ஓட்டத் திடலையும் குறிக்கும். பயிற்சியும் ஓட்டமும் அச்சொல்லுக்குள் அடங்கின. பணயச் சாளரத்திற்கு அதில் இடமே இல்லை.

ஃபிக்ஹு நூல்களும் இவ்வேற்றுமையைத் தெளிவாக வகுக்கின்றன. ஆட்சியாளரோ, போட்டியிடாத பிறரோ வெல்பவருக்குப் பரிசளிப்பது ஆகும். ஓடாதவரும் ஓட்டாதவரும் வேலிக்கு வெளியே நின்று தம்முள் பணம் வைப்பது சூதாகும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவன்று. 1996இல் தொடங்கிய துபாய் உலகக் கோப்பைப் பந்தயம், திடலில் பணயச் சீட்டு விற்காமலே பல்லாண்டுகள் நடந்து, உலகின் சிறந்த குதிரைகளை ஈர்த்தது. சூது நீங்கினால் ஓட்டம் அழியும் என்பது சூதை விற்பவர் கட்டிய கதை.

திறமை எனும் இச்சொல் குதிரையோடு நிற்கவும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மியும் அதையே கேடயமாக ஏந்தி நம் வீடுகளுக்குள் புகுந்தது. இத்தகைய இணைய ஆட்டங்களைத் தடைசெய்ய 2025இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் ஒரு கதவை மூடலாம். சொல்லின் மயக்கத்தைத் தாய் தந்தையரே போக்க வேண்டும்.

ஆகவே பெற்றோரே, உங்கள் மகன் திறமையைப் போற்றினால் தடுக்காதீர்கள். விடியுமுன் எழுந்து வாயில்லாப் பிராணியின் காலைத் தடவும் அந்தக் கூலியாளின் கையைக் காட்டி, "திறமை அங்கே இருக்கிறது, நீயும் ஒரு தொழிலில் அவ்வாறு உழை" என்று கூறுங்கள். பிறகு அவன் சட்டைப்பையிலுள்ள சீட்டைக் காட்டி, "இதில் உன் உழைப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். நேர்மையுள்ளவனாயின் அவனே அதைக் கிழித்தெறிவான்.