வெயில் குடித்த கூலன்ட்

தில்லியில் மே மாதம் 45 டிகிரியைத் தொட்டுவிட்டால் லாரிக்காரர்களுக்கு ஒரு வசதி. ரேடியேட்டரில் எவ்வளவு குறைந்தாலும் பழியை வெயில் மேல் போட்டுவிடலாம். "வெயிலுக்கு வத்தும் சார், ஊத்திக்கிட்டே போனாப் போதும்" என்பார் நாமக்கல் வண்டி ஓட்டுநர். "கர்மி ஹை, ஸாப்" என்று இந்திக்காரர் மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார். முதலாளியும் தலையாட்டுவார். மெக்கானிக்குகளே சிலர் இதை ஓதும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆர்.கே.புரத்தின் செக்டர் தெருக்களில் கோடையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். குடங்களும் கேன்களும் நிரம்பிக் கூட்டம் கலைந்ததும், கிளீனர் பையன் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவான். (கொதிக்கிற இன்ஜினில் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. அது தனிக் கதை.) பிறகு அதே டேங்கர் குழாயை உள்ளே விடுவான். எட்டிப் பார்த்தால் கூலன்டின் பச்சையும் இருக்காது, சிவப்பும் இருக்காது. துருவேறிய டீத்தண்ணி போல ஒன்று தளும்பும்.

வெயில் கட்சியின் வாதம் அந்த நிறத்திலேயே அடிபட்டுப்போகிறது. கூலன்டில் ஏறக்குறைய பாதி எத்திலீன் கிளைக்கால். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; கிளைக்கால் கொதிக்க 197 டிகிரி வேண்டும். சூட்டில் ஆவியாகித்தான் குறைகிறது என்றால் முதலில் தண்ணீர்தான் போக வேண்டும். மிஞ்சியது கெட்டிப்பட்டு நிறம் ஏற வேண்டும். நடப்பதோ தலைகீழ், மாதத்துக்கு மாதம் வெளிறிக்கொண்டே வருகிறது. அப்படியானால் கூலன்ட் கூலன்டாகவே எங்கோ ஒழுகுகிறது, அந்த இடத்தை வெறும் தண்ணீர் நிரப்புகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். 30 லிட்டர் பிடிக்கும் வண்டியில் வாரம் 1 லிட்டர் கசிந்து, அதற்குத் தண்ணீரே ஊற்றி வந்தால், 20 வாரத்தில் கிளைக்கால் பாதியாகிவிடும். துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் அதோடு பாதியாகும். கூலன்டில் நனைந்தபடி இருக்கும் சிலிண்டர் லைனர்களுக்கு அவைதான் கவசம். லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கும். கவசம் போனால் அவை இரும்பைக் கொத்திக் கொத்தி ஊசித் துளை போட்டுவிடும். அப்புறம் தண்ணீர் ஆயிலில்.

ஆவியாகப் போவதே கிடையாதா என்றால், உண்டு, மூடி கெட்டிருந்தால். அது ஒரு வால்வு. சுமார் 1 பார் அழுத்தத்தை அது உள்ளே பிடித்து வைப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் ஆவியும் போகும், கூலன்டும் பீய்ச்சும். அப்போதும் மாற்ற வேண்டியது மூடியைத்தான்.

"கீழே ஒரு சொட்டுகூட விழலையே" என்பது அடுத்த சாக்கு. சூடான பிளாக்கில் பட்ட சொட்டு தரைக்கு வராது, அங்கேயே காய்ந்து பொருக்காக நிற்கும். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையையும் ஹோஸ் கிளிப்புகளையும் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பொருக்கு தெரியும். வெளியே எங்கும் தடயம் இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும், கசிவு உள்ளே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, கூலன்ட் டேங்கில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். டிப்ஸ்டிக்கில் பால் கலந்தாற்போல் ஆயில் வந்தால் லைனரையோ ஆயில் கூலரையோ பார்க்க வேண்டும். பிரேக்குக்கான காற்று டேங்கை வடிக்கும்போது கூலன்ட் வந்தால் கம்ப்ரெஸர். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் இஜிஆர் கூலர் என்று இன்னொன்று உண்டு. அது உள்ளுக்குள் விரிசல் விட்டால் கூலன்ட் வெள்ளைப் புகையாக சைலன்சர் வழியே போய்விடும்.

வெயில் கட்சிக்காரர்கள் ஜனவரிக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. 5 டிகிரி குளிரில் நிறுத்திய வண்டியிலும் மட்டம் இறங்குகிறது. குளிரில் ரப்பர் சுருங்கி கிளிப் ஓரம் கசியும். இன்ஜின் சூடேறியதும் தானே அடைத்துக்கொள்ளும். விடிகாலை ஈரத்தைப் பனி என்று துடைத்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள்.

ஆறிய இன்ஜினில், ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு டெஸ்டரை மாட்டி, மூடியில் பொறித்திருக்கும் அழுத்தம் வரை ஏற்றிக் கால் மணி நேரம் வைத்தால் போதும். முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. ஆனால் அதற்கு வண்டி ஒரு பொழுது நிற்க வேண்டும், வாடகை போகும். அதனால்தான் வெயில் கதை முதலாளிக்கு இனிக்கிறது. கடைசியில் ஹெட் வளைந்து, லைனர் போய், வண்டி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் நாள்கணக்கில் பிரித்துப் போட்டுக் கிடக்கும்போது, "ஒழுங்காத் தண்ணி பாத்திருந்தா இப்படி ஆகுமா?" என்று அதே முதலாளி ஓட்டுநரின் பேட்டாவைப் பிடித்துக்கொள்கிறார்.