வேகாதது கறி, வசவு மருமகளுக்கா?



நான் பழநியில் பிறந்து, 1991-ல் கொடைக்கானலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சமையலில் நான் ஒன்றும் மட்டமில்லை. பத்தாவது படிக்கும்போதே அம்மா துணையில்லாமல் அரைக்கிலோ கறியைக் குழம்பாக்கி இறக்கியிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கொடைக்கு வந்த முதல் மாதமே அந்தப் பெயர் போன கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கல்யாணமாகி மூன்றாவது ஞாயிறு. நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி. எங்கள் வீட்டில் செய்கிற மாதிரியே சின்ன வெங்காயம் வதக்கி, மல்லி, மிளகாய், சீரகம் அம்மியில் அரைத்து விட்டு, அடுப்பில் ஏற்றினேன். எங்கள் ஊரில் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். இங்கே ஒரு மணி ஆச்சு, ஒன்றேகால் ஆச்சு, துண்டை நசுக்கினால் ரப்பர் மாதிரி திமிறுகிறது! இலை போட்டாகிவிட்டது. வேறு வழியில்லாமல் பரிமாறினேன். நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு துண்டை மென்று மென்று பார்த்துவிட்டு இலை ஓரத்தில் ஒதுக்கினார். அப்புறம் அடுக்களையில் அத்தை மெல்லிய குரலில், "கறி வெந்திருக்கான்னு பார்க்கக்கூடவா உங்கம்மா கத்துக்குடுக்கலை?" என்றார். என்னைச் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அம்மாவை இழுத்தது இன்னும் மறக்கவில்லை.

அதன்பிறகு நான் செய்யாத வித்தை கிடையாது. பப்பாளிக்காய்த் துண்டு போட்டேன். கொட்டாங்குச்சிச் சில்லு போட்டால் வேகும் என்றார்கள், அதையும் போட்டேன். வாட்டில் விறகைத் திணித்துத் திணித்து எரித்தேன், அடிப்பிடித்ததுதான் மிச்சம். அத்தை வைத்தால் மட்டும் கறி பஞ்சாக வெந்தது. ஏதோ ரகசியத்தை வைத்துக்கொண்டு சொல்ல மாட்டேன் என்கிறார் என்று மனசுக்குள் கறுவினேன்.

ரகசியம் உடைந்தது எங்கள் அம்மா வீட்டில்தான். என் மகனுக்குக் காது குத்திய மறுநாள், "இன்னிக்கு என் கைப்பக்குவத்தைப் பாருங்க சம்பந்தி" என்று கறிச்சட்டியை அத்தை எடுத்துக்கொண்டார். கொடையில் வைக்கிற அதே நேரக் கணக்கில் வைத்து இறக்கினால், கறி எலும்பை விட்டுக் கழன்று கூழாகக் கிடக்கிறது! அத்தை கரண்டியால் துழாவிக்கொண்டே நின்றார். அம்மா சிரிக்கவில்லை. "ஊருக்கு ஊர் தண்ணி வேற சம்பந்தி" என்றாள், அவ்வளவுதான். அத்தை எதையும் ஒளிக்கவில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. மலையிலேயே பிறந்து மலையிலேயே ஆக்கியவர். கறி வேக அவ்வளவு நேரம் ஆவதுதான் உலக வழக்கம் என்று நினைத்திருக்கிறார்.

அம்மா சொன்னதும் பாதிதான் சரி. தண்ணீர் வேறில்லை, காற்றுதான் வேறு. பல வருஷம் கழித்து மகனின் அறிவியல் பாடத்தைச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தபோது எனக்கு விளங்கியது. பழநி ஆயிரம் அடி உயரத்தை ஒட்டி இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 7000 அடி, அதாவது 2133 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் தண்ணீர் முன்னாடியே கொதித்துவிடுகிறது. பழநியில் 99 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதிக்கும். கொதி வந்த பிறகு எவ்வளவுதான் தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். கறியில் இருக்கிற சவ்வும் நாரும் இளகிக் குழைய நல்ல சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். சூடு குறைந்தால் நேரத்தைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

1835-ல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது இதே கூத்து நடந்திருக்கிறது. கொடையைவிட உயரமான இடம். உருளைக்கிழங்கை ராத்திரி முழுக்க அடுப்பில் வைத்தும், காலையில் மறுபடி கொதிக்கவிட்டும் வேகவில்லையாம். கூட வந்தவர்கள் கூடிப் பேசி, சட்டி புதுசு, அதனால்தான் வேகமாட்டேன் என்கிறது என்று தீர்மானித்தார்களாம். அங்கே மருமகள் இல்லை, பழி சட்டியோடு போயிற்று!

இதற்குக் கைகண்ட வழி குக்கர்தான். ஆனால் கீழே வைக்கிற விசில் கணக்கு இங்கே உதவாது. குக்கரின் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல்தான் அழுத்தம் கொடுக்கிறது. வெளிக்காற்றே குறைவு என்பதால் உள்ளே சூடும் மூன்று நான்கு டிகிரி குறையும். மதுரையில் ஐந்து விசில் வைப்பவர்கள் இங்கே ஏழெட்டு வையுங்கள். முற்றின ஆடாக இருந்தால் இன்னும் கூட. சட்டியில் வைப்பவர்கள் மூடி போட்டு, சிறு தீயில், ஒன்றரை மடங்கு நேரம் விடுங்கள். கேஸ் விற்கிற விலைக்குத் தளபுளவென்று கொதிக்கவிடுவது வீண். இடையில் தண்ணீர் விட்டால் வெந்நீராக விடுங்கள். கோழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். துண்டின் உள்ளே 74 டிகிரி சூடு ஏறினாலே கிருமி செத்துவிடும், நம் கொதி அதற்குத் தாராளம். பிராய்லருக்குக் கூடப் பத்து நிமிஷம் போதும். நாட்டுக்கோழிக்குத்தான் பொறுமை வேண்டும். (நாட்டுக்கோழிக்கு நம் மலைப்பூண்டை உரித்து முழுசாகப் போட்டு, தாண்டிக்குடி மிளகை அரைத்து விட்டுப் பாருங்கள். காத்திருந்தது வீண்போகாது.) சீசனுக்கு வந்து காட்டேஜில் பிரியாணி கிண்டுகிறவர்கள், கறியைத் தனியாக வேகவைத்துக்கொண்டு பிறகு சீரகச் சம்பாவைப் போடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழையும், கறி கடிபடாது.

இந்தப் பழைய கதையை இப்போது எழுதக் காரணம், எங்கள் தெருவில் மதுரையிலிருந்து வந்திருக்கிற ஒரு புது மருமகள். போன மாதம் பின்பக்கத் திண்ணையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் அதே கறி, அதே பேச்சு. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அதே பேச்சு! பெண் பார்க்க வரும்போது மலைக்காரர்கள் எல்லாம் பேசுகிறோம். நகை எவ்வளவு, குளிருக்கு ஸ்வெட்டர் எத்தனை என்றுகூடச் சொல்லி அனுப்புகிறோம். "இங்கே பருப்பும் கறியும் வேக நேரமாகும்மா" என்று ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. மாமியாராகப் போகிற சகோதரிகளே, பெண் வீட்டுக்குள் காலெடுத்து வைத்த அன்றே அதைச் சொல்லிவிடுங்கள். இலை ஓரத்தில் துண்டை ஒதுக்குகிற ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சட்டியை ஏற்றிவிட்டு மணியைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் என் பழைய ஐந்து லிட்டர் குக்கரைக் கொடுத்து, விசில் கணக்கையும் சொல்லி அனுப்பினேன். அவள் மாமியாரிடம் எங்கள் அத்தை பழநியில் கூழாக்கிய கதையையும் சொன்னேன். அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று சரியாகத் தெரியவில்லை. நேற்று அந்தப் பெண் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல். கறி நன்றாக வெந்திருந்தது.

– ஒரு வாசகி, கொடைக்கானல்