கன்னம் சாட்சி சொல்லுமா?

கட்டுடல் படைத்த இளைஞன் ஒருவன், கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கை நரம்பு புடைத்து நடந்து வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எரியோட்டுக் கடைத்தெரு அவனைச் சும்மா விடுமா? "என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்று கேட்கும் ஒரு வாய். இன்னொரு வாய் கேட்பதுகூட இல்லை, முடிவே கட்டிவிடும்! விசாரணை இல்லை, சான்று இல்லை. தேநீர்க் கடைப் பலகையிலேயே தீர்ப்பு!

தோழர்களே! எச்.ஐ.வி. கிருமி இந்த நாட்டில் இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தது நம் தலைநகரம். 1986-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் அம்மையாரும், அவரிடம் பயின்ற நிர்மலாவும் கண்டறிந்தனர். அன்று மருந்து இல்லை. பின்னர் மருந்து வந்தது, வந்தும் என்ன? ஓராண்டு மருந்துக்கு மேலைநாட்டு நிறுவனங்கள் கேட்ட விலை பத்தாயிரம் டாலருக்கும் மேல்! ஏழை அதைக் கனவிலும் தொட முடியுமா? 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, செய்முறைக்கே உண்டு என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்ததே அதற்கு வழி. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து கிடைத்தது. தாம்பரம் அவற்றில் ஒன்று.

அந்த மலிவு மருந்துக் கூட்டில் ஸ்டாவுடின் என்று ஒன்று இருந்தது. உயிரைக் காத்தது, உருவத்தைக் கவர்ந்து கொண்டது! கொழுப்பணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பை அது சிதைத்ததால், கன்னத்துக் கொழுப்பு கரைந்தது; கையும் காலும் குச்சியாயின; பாதம் எரிந்தது. நோயால் மெலியாதவனும் மருந்தால் மெலிந்தான். செல்வ நாடுகள் அதை முன்பே கைவிட்டன. உலக சுகாதார நிறுவனம் படிப்படியாக நிறுத்தச் சொன்னது 2009-இல்தான். ஏழையின் முகம் அதுவரை விலை கொடுத்தது.

இன்று அது இல்லை. டெனோபோவிர், லாமிவுடின், டோலூட்டெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், நாளுக்கு ஒன்று. இதில் சிலருக்கு எடை கூடுவதும் உண்டு. ஆனால் மருந்து மாறிய பின்னும் ஊரார் பார்வை மாறவில்லையே! அந்தப் பார்வைக்கு அஞ்சியவன் எங்கே போகிறான்? "உடம்பு தேற" மாத்திரை கேட்டு மருந்துக் கடைக்கு! டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுகள் சீட்டில்லாமலே கைமாறுகின்றன. ஒரு மாதத்தில் கன்னம் உப்புகிறது. "தேறிட்டான்!" என்கிறது கடைத்தெரு.

நாடகக்காரன் நான், ஒப்பனை என்றால் என்னவென்று அறிவேன். எங்கள் அரிதாரம் காட்சி முடிந்ததும் கழுவினால் போய்விடும். இந்த அரிதாரமோ உள்ளே பூசப்படுவது! முகம் நிலவாய் உருள, தசை தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு நொய்கிறது, உறங்கிக் கிடந்த காசநோய் எழுந்து உட்காருகிறது. இரண்டாம் கட்ட மருந்தாக ரிட்டோனாவிர் உண்பவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. ஸ்டீராய்டைக் கல்லீரல் கரைக்கவிடாமல் அது தடுப்பதால், சிறிய அளவும் உடலில் பெரிதாய்க் குவியும். பயந்து திடீரென நிறுத்தினாலோ, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி வேலை மறந்து கிடக்க, உயிரே ஊசலாடும்.

உடற்பயிற்சிக் கூடத்து ஊசி வேறு வகை. தசை வளர்க்கும் அந்த ஸ்டீராய்டை உருக்குலைந்த நோயாளிகளுக்கு மேலைநாட்டு மருத்துவர்கள் அளந்து கொடுத்ததுண்டு. மூளைக்காய்ச்சல் காசநோய்க்கு முதல் வகையையும் மருத்துவர் தருவார். அளந்து தருபவர் மருத்துவர். அள்ளித் தருபவர் வியாபாரி!

மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு விற்கக் கூடாது என்பது சட்டம். எய்ட்ஸைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதும் சட்டம். எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலிருந்து விலக்கி வைக்கலாகாது என 2017-இல் இயற்றிய சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. ஏட்டில் இருக்கும் இவற்றை எரியோட்டுக்கும் வேடசந்தூருக்கும் இறக்கி வரும் வேலை எவருடையது? மேடை போடத் தெரிந்த நம்முடையதே! சீட்டின்றி விற்கும் கடைக்காரர் நம் கிளைக்கு நன்கொடை தருபவராக இருக்கலாம், இருக்கட்டும். முதலில் அவரிடம் போய்ச் சொல்லுங்கள். கேளாவிட்டால் மருந்து ஆய்வாளருக்கு மனு எழுதுங்கள். கிளைச் செயலாளரே முதல் கையொப்பம் இடட்டும்.