செலவை யார் கணக்கில் எழுதுவது?

சமய நிறுவனங்களில் குழந்தைகள்மீது இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமைகளை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம், அதற்கு எதிராக முதலில் நீட்டப்படுவது செலவுக் கணக்குதான். விசாரணை ஆண்டுக்கணக்கில் நீளும், வழக்கறிஞர்கள் செழிப்பார்கள், மக்களின் வரிப்பணம் கரையும் என்பது அவ்வாதம். அதை அயர்லாந்தின் அனுபவத்தைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். அங்கே செலவு முழுவதும் தணிக்கை செய்யப்பட்டு வெளியிடப்பட்டிருக்கிறது.

கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வளர்ந்த குழந்தைகள் பட்ட துன்பத்திற்காக, 1999 மே மாதம் அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அடுத்த ஆண்டு சட்டப்படி அமைக்கப்பட்ட ஆணையம் 2009 மே மாதம் அறிக்கை அளித்தது. சிறுவர் நிறுவனங்களில் பாலியல் வன்கொடுமை ஒருசிலரின் பிறழ்வன்று, அது வேரோடிப் பரவியிருந்தது என்று அவ்வறிக்கை நிறுவியது.

இதற்கு ஆன செலவு என்ன? 2015 இறுதிவரை விசாரணை, இழப்பீடு, சட்டச் செலவு, ஆதரவுப் பணிகள் அனைத்திற்குமாக ஏறத்தாழ 150 கோடி யூரோ என்று நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் கணக்கிட்டார். இதில் விசாரணை ஆணையத்தின் செலவு சுமார் 8.2 கோடி மட்டுமே. மிகப் பெரும்பகுதி இழப்பீடாகச் சென்றது. அதாவது, பணத்தை விழுங்கியது விசாரணை அன்று, விசாரணையின்றிக் கழிந்த பல பதிற்றாண்டுகள். கேட்க வேண்டிய கேள்வியை அன்றே கேட்டிருந்தால் இத்தொகையின் பெரும்பகுதிக்குத் தேவையே எழுந்திராது.

அப்பணத்தை யார் கொடுத்தார்கள் என்பது இன்னும் முக்கியமான கேள்வி. 2002 ஜூனில், புதிய அமைச்சரவை பொறுப்பேற்பதற்குச் சற்று முன், அரசு 18 சபைகளுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. சபைகள் ரொக்கமாகவும் சொத்தாகவும் 12.8 கோடி யூரோ அளிக்கும். அதற்கு ஈடாக, இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் வரக்கூடிய கோரிக்கைகளிலிருந்து அரசு அவற்றைக் காக்கும். இழப்பீடு 25 கோடியளவில் முடியும் என்பது தொடக்க மதிப்பீடு. அது பன்மடங்காகப் பெருகியபோது எஞ்சிய சுமை முழுவதும் மக்கள்மீது விழுந்தது. அறிக்கைக்குப் பின் சபைகள் கூடுதல் தொகை தர முன்வந்தன. ஆயினும் 2015 இறுதிவரை அவை அளித்தது 19.2 கோடி, மொத்தச் செலவில் சுமார் 13 விழுக்காடு.

அரசும் குற்றவாளிதானே என்று கேட்கலாம். உண்மை. குழந்தைகளை அங்கே அனுப்பியவை நீதிமன்றங்கள்; தலைக்கு இவ்வளவு என மானியம் கொடுத்ததும், மேற்பார்வையில் தவறியதும் அரசே. ஆனால் அவ்வாதம் செலவைச் சரிபாதியாகப் பகிர்வதற்கே நியாயம் சேர்க்கும். பின்னாளில் அயர்லாந்து அரசு கேட்டதும் அதைத்தான்.

பணம் பொதுவிலிருந்து சென்றது. உண்மை முழுமையாகப் பொதுவுக்கு வரவில்லை. ஒரு சபை நீதிமன்றம் சென்றதன் விளைவாக, குற்றஞ்சாட்டப்பட்டோர் அறிக்கையில் புனைபெயர்களின் பின்னே மறைந்தனர். இழப்பீடு பெற்றவர், நபரையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும்படித் தம் வழக்கின் விவரத்தை வெளியிடுவதையும் சட்டம் குற்றமாக்கியது. மக்கள் விலை கொடுத்தார்கள். வாங்கிய பொருளின் பாதி அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

இந்தியாவுக்கு இதில் பாடம் உண்டு. போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவு, தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்கிறது. 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி, சிறப்பு நீதிமன்றம் வழங்கும் இழப்பீட்டை மாநில அரசு செலுத்துகிறது. குழந்தை காத்திருக்கலாகாது என்பதால் இது சரியே. ஆனால் அரசு செலுத்தியதோடு கணக்கு முடிந்துவிடலாகாது. குற்றத்தை மூடிமறைத்துத் தன் நற்பெயரையும் சொத்தையும் காத்துக்கொண்ட நிறுவனம், ஆலயமாயினும் மடமாயினும் ஆசிரமமாயினும் மதரசாவாயினும், அத்தொகையைத் திருப்பிச் செலுத்த வேண்டும். விசாரணையின் செலவை மட்டும் பொதுமக்கள் ஏற்கட்டும்: விசாரிக்கப்படுபவரின் பணத்தில் நடக்கும் விசாரணை சுதந்திரமானதாக இராது. இழப்பீடு, இழைத்தவரும் மறைத்தவரும் தீர்க்க வேண்டிய கடன்.