‘எஸ் சார்’ மட்டும் போதாது!

பிரம்மதேசம் என்ற பெயரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. வேதம் ஓதியவர்களுக்கு அரசர்கள் தானமாக விட்ட நிலத்துக்குப் பிரம்மதேயம் என்று பேர். மொழி அறிந்தவனுக்கு நிலம், உழுதவனுக்குக் கூலி என்பது அன்றைய கணக்கு.

இன்று திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளியின் பிள்ளை, வயலில் வேலை ஓய்ந்ததும் நெடுஞ்சாலை ஹோட்டலுக்கும் புதுச்சேரிக்கும் சர்வர் வேலை தேடிப் போகிறான். 2020-ல் ஏ.எப்.டி. மில் நிரந்தரமாக மூடப்பட்ட பின், மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே வழிதான். அங்கே முதல் கேள்வி: “இங்கிலீஷ் பேசுவாயா?”

பேசக் கற்பது நல்லதே. வேர்க்கடலை தனக்கு ஆகாது என்று வெளிநாட்டார் சொன்னால், அது புரிவது உயிர் காக்கும் விஷயம். ஆனால் முதலாளி கற்றுத் தருவது என்ன? “வெல்கம் சார்”, “எஸ் சார்”, “சாரி சார்”! ஓவர்டைம் கூலி எவ்வளவு என்று கேட்கும் வாக்கியம் அந்தப் பாடத்தில் உண்டா? ஹோட்டல் சிப்பந்திக்கு நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வேலை என்று 1958-ம் வருஷத்து உணவு நிறுவனங்கள் சட்டம் வரையறுத்தது. அதைத் தமிழிலாவது சொல்லித் தருகிறார்களா?

1957-ல் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூடிச் சிப்பந்திகளைத் தெருவில் நிறுத்தியது. தோழர் ஏ.கே. கோபாலன் வழிகாட்ட, அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை நடத்தினார்கள். பிழைப்பைக் காத்தது நுனிநாக்கு இங்கிலீஷா? சங்கம்தான்! 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிக்கு 12 புதுச்சேரி மில் தொழிலாளர்கள் பலியானார்கள். அந்தப் போராட்டமே 8 மணி நேர வேலையைப் பெற்றுத் தந்தது.

ஆகவே நாம் கோருவது இது. பயிற்சி நேரமும் வேலை நேரமே. அதற்கும் கூலி கொடு! கிராம நூலகங்களில் சர்க்கார் இலவச மாலை வகுப்பு நடத்தட்டும். யூனியன்கள் இங்கிலீஷோடு சம்பளச் சீட்டைப் படிக்கவும், சட்டத்தைச் சொல்லிக் கேட்கவும் கற்பிக்கட்டும்.

தோழர்களே, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். அவர்களைச் சங்கத்திலும் சேருங்கள். நாக்கு எந்த மொழிக்கும் வளையட்டும்; முதுகு வளைய வேண்டாம்!