வேண்டாத பெயர்

மொழிபெயர்ப்பில் ஆட்பெயர்களை அப்படியே விட்டுவிடுவதுதான் மரபு. சாவித்திரி எந்த மொழியிலும் சாவித்திரியே. ஆனால் மகாராஷ்டிரத்துப் பெயர் ஒன்றை அப்படி விட்டுவிட மனம் வராது: நகுஷா.

காதுக்கு இனிமையான பெயர். உருதுப் பெயரோ என்றுகூடத் தோன்றும். மூலம் அங்கே இல்லை. மராத்தியில் ‘நகோ’ என்றால் ‘வேண்டாம்’. மும்பையில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிய தமிழர் அனைவருக்கும் தெரிந்த சொல். அதிலிருந்து பிறந்தது ‘நகோசீ’, வேண்டாதவள். கிராமத்துப் பேச்சில் நகுசா, நகுஷா. ஆண் குழந்தைக்குக் காத்திருந்த வீட்டில் மீண்டும் பெண் பிறந்தால் இடும் பெயர்.

இழிவாகப் பெயரிடுவது நம் நாட்டில் புதிதல்ல. பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்பார்கள். வங்காளத்தில் மூன்று சோழிக்கு விலைக்கு வாங்கியதாகப் பாவனை செய்து ‘தின்கொரி’ என்பார்கள். எமனை ஏமாற்றும் தந்திரம் அது. குழந்தை பிழைக்க வேண்டுமே என்ற தவிப்புதான் அதற்குக் காரணம்.

நகுஷா அந்த வகையல்ல. வங்காளத்து ஆன்னாகாளி (‘இனி வேண்டாம், காளி’), ராஜஸ்தானத்து தாப்பூ (‘போதும்’), நம்மூர் போதும்பொண்ணு ஆகியோரே இவளது சகோதரிகள். அடுத்ததாவது ஆணாகட்டும் என்று தெய்வத்துக்குப் போட்ட மனு இந்தப் பெயர். மனு பலித்தாலும் பலிக்காவிட்டாலும் அதைச் சுமப்பவள் அந்தப் பெண். பள்ளியில் தினமும் ஆசிரியர் “வேண்டாதவள்” என்று அழைக்க, அவள் எழுந்து “உள்ளேன்” என்று சொல்லியாக வேண்டும்.

2011 அக்டோபரில் சதாரா மாவட்ட நிர்வாகம் இப்படிப்பட்ட 285 சிறுமிகளைக் கண்டறிந்து, விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டியது. பெண் கல்விக்காகப் போராடிய சாவித்திரிபாய் பூலே 1831இல் பிறந்த நைகாவ் இருப்பதும் இந்த மாவட்டத்தில்தான்.

பெயர் மாறியது நல்லதே. ஆனால் அதே ஆண்டுக் கணக்கெடுப்பில், நாட்டில் ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 920 பேர்கூட இல்லை. 2001இல் 927 பேர் இருந்தார்கள். கருவின் பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை மீறி ஸ்கேன் அறையில் முடிவு செய்யப்பட்டவளுக்கு, நகுஷா என்ற பெயர்கூடக் கிடைப்பதில்லை.